சிற்றுயிரை நெருங்கும் முறை

சிலாபத்திலிருந்து குருநாகலுக்குச் செல்லும் பெருந்தெருவில் ஏறக்குறைய 3 கிலோமீற்றர் தொலைவில் அமைந்தது முன்னேஸ்வரம். ஈழத்தின் பழம்பெரும் ஈச்சரங்களுள் ஒன்றாகிய இத்தலத்துக்கு, ஆண்டுதோறும் நிகழும் பெருந்திருவிழாக் காலத்தில் தமிழரும் சிங்களவரும் திரள்திரளாக வருகின்றனர். தெதுறு ஓயாவில் தீர்த்தமாடி விழா நிறைவுற்றபின், வந்த கூட்டம் கலைந்து போகின்றது. ஆயின், ஊரில் எஞ்சியிருப்போர் மனிதர் மட்டும் அல்லர். வேலியோரத்து எருக்கிலையைக் கறித்துக் கொண்டிருக்கும் மயிர்க்கொட்டியும், மாவிலைகளை இழுத்துத் தைத்துக் கூடமைக்கும் முசுறும், வயல் வரம்பில் நாணற்றண்டின் நுனியில் அமரும் தும்பியும், களப்போரச் சேற்றில் ஒற்றைப் பெருங்கொடுக்கை உயர்த்தி அசைக்கும் சிறுநண்டும் அவ்வூரின் நிரந்தரக் குடிகளே ஆவர். அவர்களை ஏறிட்டுப் பார்ப்போர் மிகச் சிலர்.

காரணம் வெளிப்படையானது. சிறியவை கண்ணுக்கு எளிதில் அகப்படுவதில்லை. அகப்பட்டாலும் விவரம் புலப்படுவதில்லை. இக்குறையைத் தீர்க்கவல்ல கருவி இன்று பலர் கையிலும் இருக்கின்றது. கமரா என்னும் படப்பெட்டியும், அதனை உள்ளடக்கிய கைத்தொலைபேசியும், ஒரு காலத்தில் ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டி மட்டுமே காட்டிய பல காட்சிகளைச் சாதாரண மாணவனுக்கும் காட்டுகின்றன. சிற்றுயிர்களை மிக அருகே சென்று படமெடுக்கும் கலையின் முறைகள் யாவை, அக்கலை எதற்குப் பயன்படுகின்றது, எவ்விடத்தில் அது பிழையான வழியில் இறங்கிவிடக்கூடும் என்பனவற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலாவதாக, அண்மைப்படம் என்பது யாது? தொலைவில் நின்று எடுத்த படத்தைப் பின்னர் பெருப்பித்துக் காட்டுவது அண்மைப்படம் ஆகாது. கமராவினுள் ஒளியை ஏற்கும் தகடு ஒன்று உண்டு. முன்னாளில் அது பிலிம் சுருள். இந்நாளில் அது மின்னணு உணரி. 35 மில்லிமீற்றர் வகைக் கமராவில் அதன் அகலம் 36 மில்லிமீற்றரும் உயரம் 24 மில்லிமீற்றரும் ஆகும். 10 மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு முசுறின் உருவம் அத்தகட்டிலும் 10 மில்லிமீற்றராகவே விழுமாயின், அது இயற்பருமன் படம் எனப்படும். ஒன்றுக்கு ஒன்று என்று கூறுவதும் இதுவே. 5 மில்லிமீற்றராக விழுந்தால் அரைப்பருமன். 20 மில்லிமீற்றராக விழுந்தால் இருமடங்குப் பருமன். இந்த விகிதத்தை மனத்திற் கொண்டால் மற்றைய நுட்பங்கள் யாவும் எளிதில் விளங்கும்.

சாதாரண வில்லையைக் கொண்டு இயற்பருமனை அடைய இயலாது. வில்லை ஒரு பொருளை மிக அருகே நின்று குவிக்க வேண்டுமாயின், அது தகட்டிலிருந்து முன்னோக்கி விலக வேண்டும். 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லை இயற்பருமன் படம் தருவதற்கு, மேலும் 50 மில்லிமீற்றர் முன்னே தள்ளப்படல் வேண்டும். இதற்கெனக் கமராவுக்கும் வில்லைக்கும் இடையே பொருத்தும் வெற்றுக் குழல்கள் விற்கப்படுகின்றன. அவற்றினுள்ளே கண்ணாடி எதுவும் இல்லை; ஆதலால் விலையும் குறைவு. வில்லையின் முகப்பில் உருப்பெருக்குக் கண்ணாடி போன்ற மேல்வில்லையைப் பொருத்துவது இரண்டாவது வழி. வில்லையைத் தலைகீழாகத் திருப்பி, அதன் பின்புறம் பூச்சியை நோக்குமாறு பொருத்துவது மூன்றாவது வழி. 50 மில்லிமீற்றர் வில்லையை இவ்வாறு திருப்பினால் ஏறக்குறைய இயற்பருமன் கிடைக்கும். 28 மில்லிமீற்றர் வில்லையைத் திருப்பினால் அதனினும் பெரிய உருவம் கிடைக்கும். நான்காவது வழி, இவ்வேலைக்கென்றே ஆக்கப்பட்ட மக்ரோ வில்லை. வசதி மிகுந்தது அதுவே. ஆயின் விலையும் மிகுந்தது.

மக்ரோ வில்லை வாங்க எண்ணுவோர் அதன் குவியத்தூரத்தைக் கவனித்தல் வேண்டும். 50 மில்லிமீற்றர் வில்லை இயற்பருமன் படம் தரும்போது, பூச்சிக்கும் தகட்டுக்கும் உள்ள மொத்த இடைவெளி 20 சென்ரிமீற்றர் அளவே. அதில் வில்லையின் நீளமும் கமராவின் ஆழமும் போக, பூச்சிக்கு மிஞ்சுவது விரற்கிடைத் தூரம்தான். எந்தத் தும்பி அத்தனை நெருக்கத்தைப் பொறுத்திருக்கும்? 100 மில்லிமீற்றர் வில்லையாயின், பூச்சிக்கும் வில்லை முகப்புக்கும் இடையே ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைந்த வெளி கிடைக்கும். தூரம் கூடுதலாக இருத்தல் படமெடுப்பவருக்கும் நன்று, பூச்சிக்கும் நன்று.

கைத்தொலைபேசி மட்டும் உடையோர் மனந்தளர வேண்டுவதில்லை. அதன் உணரி மிகச் சிறியது. ஆதலால், பெரிய கமராவுக்கு வாய்க்காத ஒரு நன்மை அதற்கு உண்டு: ஒரே படத்திற் பூச்சியின் பெரும்பகுதி தெளிவாக அமையும். கவ்வியினாற் பொருத்தும் சிறிய மேல்வில்லை ஒன்றைச் சேர்த்தால், எறும்பின் தாடையும் பூவின் மகரந்தமும் தெளிவுறும். அவ்வாறு எடுக்கும்போது பூச்சியை மிக நெருங்க வேண்டியிருக்கும் என்பது அதன் குறை. ஆகவே, அசையாத மயிர்க்கொட்டி, நத்தை, கூட்டுப்புழு ஆகியவற்றில் அதனைப் பழகுதல் தகும்.

இனி, இக்கலையின் தலையாய இடர்ப்பாட்டைக் கூறவேண்டும். நெருங்க நெருங்கத் தெளிவின் ஆழம் குறைந்துகொண்டே போகும். 35 மில்லிமீற்றர் வகைக் கமராவில் துவார எண் 8 என்று வைத்து இயற்பருமன் படம் எடுத்தால், முன்பின்னாகத் தெளிவுறும் பகுதி ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் மட்டுமே. துவாரத்தை ஒடுக்கி எண் 16 ஆக்கினால் அது 2 மில்லிமீற்றர் ஆகும். மேலும் மேலும் ஒடுக்கி ஆழத்தைப் பெருக்கலாமே எனின், அதற்கும் ஓர் எல்லை உண்டு. மிகச் சிறிய துவாரத்தின் வழியே செல்லும் ஒளி சிதறிப் பரவுவதால், படம் முழுவதுமே மங்கிவிடும். ஆகவே, எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும் என்னும் ஆசையைக் கைவிட்டு, எது தெளிவாக இருக்க வேண்டும் என்பதைத் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை.

அத்தேர்வுக்கு இரு விதிகள் உண்டு. உயிரின் முகம் தெரியும் படமாயின், கண் தெளிவுற வேண்டும்; பிற உறுப்புகள் மங்கினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வர். சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியாயின், கமராவின் முதுகு சிறகின் தளத்துக்கு இணையாக இருக்க வேண்டும். அப்பொழுது இரு சிறகுகளும் அந்த மெல்லிய தெளிவுத் தளத்துக்குள் அடங்கிவிடும். குவிப்பு வளையத்தைத் திருகிக்கொண்டிருப்பதும் பயனற்றது. வேண்டிய பருமனை முதலில் அமைத்துக்கொண்டு, உடலை முன்னும் பின்னுமாக நெல்லளவு நெல்லளவாக நகர்த்தி, கண் பளிச்சிடும் கணத்திற் பொத்தானை அழுத்துவதே தேர்ந்தோர் கையாளும் முறை. முழங்கையை முழங்காலிலோ தரையிலோ ஊன்றிக்கொண்டால் நடுக்கம் குறையும். குவிப்பைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல படங்கள் எடுத்து, கணினியில் அவற்றின் தெளிவான பகுதிகளை மட்டும் ஒன்றிணைக்கும் முறையும் இன்று வழக்கில் உண்டு. பூச்சி அசையாதிருந்தால் மட்டுமே அது கைகூடும் என்பதை மறத்தலாகாது. இந்த நிபந்தனையிலிருந்து விளையும் தீங்கு பின்னர் கூறப்படும்.

ஆழத்துக்கு அடுத்தது ஒளி. வில்லை முன்னே தள்ளப்படுவதால் தகட்டை அடையும் ஒளி குறைகின்றது. இயற்பருமன் நிலையில், தொலைக்காட்சிக்குக் கிடைக்கும் ஒளியில் நாலில் ஒரு பங்கே கிடைக்கும். துவாரத்தையும் ஒடுக்கியிருப்பதால் பகல் வெளிச்சமும் போதாது போகும். இதனால், பலரும் பிளாஷ் விளக்கை நாடுகின்றனர். அதன் ஒளி ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரமே நீடிப்பதால், கையின் நடுக்கமும் இலையின் ஆட்டமும் படத்தில் விழா. ஆயின், வெறும் பிளாஷ் ஒளி கடுமையானது. வண்டின் முதுகில் அது வெள்ளைப் புள்ளியாய்ச் சுடர்ந்து நிறத்தைக் கெடுத்துவிடும். விளக்குக்கும் பூச்சிக்கும் இடையே எண்ணெய்த்தாளையோ மெல்லிய வெண்துணியையோ பிடித்தால், ஒளி பரந்து மென்மையாகும். அந்தத் திரை எவ்வளவு பெரிதாகவும் அண்மையிலும் இருக்கின்றதோ அவ்வளவுக்கு ஒளி இதமாக அமையும். வெயிலில் எடுப்போர், நிழற்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து ஒளியைத் தெறிக்கச் செய்தாற் போதுமானது.

கருவியும் ஒளியும் ஆயத்தமானபின், காலமும் காற்றும் கருதப்பட வேண்டும். முன்னேஸ்வரம் கடலுக்கு அண்மையிலுள்ள ஊர். முற்பகல் ஏற ஏறக் கடற்காற்று எழுந்து, உச்சிவேளையில் தென்னோலைகளைச் சலசலக்கச் செய்துவிடும். 1 மில்லிமீற்றர் ஆழத்தை நம்பி நிற்பவனுக்கு, ஒரு புல்லின் அசைவே புயலாகும். ஆதலால், பொழுது விடிந்ததும் வரும் முதல் இரண்டு மணி நேரமே இக்கரையோரத்தில் மிகச் சிறந்த காலம். அப்போது காற்று அடங்கியிருக்கும். புல்லிற் பனித்துளி நிற்கும். இரவுக் குளிரால் உடல் சோர்ந்த பூச்சிகள் வெயிலை எதிர்நோக்கிச் சிறகு விரித்து இருக்கும். பூச்சிக்குத் தன்னுள்ளே வெப்பத்தை நிலைநிறுத்தும் ஆற்றல் பெரும்பாலும் இல்லை. கதிரவன் வெப்பமேற்றிய பின்னரே அது பறக்கவல்லது என்பதை அறிந்தவன், துரத்தி ஓடவேண்டுவதில்லை.

நெருங்கும் முறையும் இவ்வாறே உயிரின் இயல்பை அறிந்து அமைவது. பூச்சியின் கூட்டுக்கண் அசைவை மிக நுட்பமாக உணரும். அசையாப் பொருளை அது அவ்வளவாகப் பொருட்படுத்தாது. ஆகவே, மெதுவாக, நேர்க்கோட்டில், உடல் தாழ்த்தி அணுகவேண்டும். நிழல் அதன்மேல் விழலாகாது. நின்ற செடியை முழங்கால் தட்டலாகாது. தும்பிகளுட் பல, பறந்து சென்று இரையைப் பற்றி, விட்டுச்சென்ற அதே தண்டின் நுனிக்கே மீளும் வழக்கமுடையவை. அது பறந்ததும் பின்தொடராது, தண்டின் அருகே மண்டியிட்டுக் காத்திருப்பவனிடம் தும்பி தானாகவே வரும். களப்போரத்து நண்டு, மனிதனைக் கண்டதும் வளைக்குள் மறையும். கமராவைச் சேற்றுமட்டத்திற்கு இறக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆடாது அமர்ந்திருந்தால், அது மீண்டும் வெளிவந்து கொடுக்கை அசைக்கத் தொடங்கும். உப்புக்காற்றுக் கமராவுக்குப் பகையாதலின், வீடு திரும்பியதும் ஈரத்துணியால் அதனைத் துடைத்தல் வேண்டும்.

தொடக்கநிலையில் உள்ளோர்க்கு எருக்கஞ்செடியினும் நல்ல பாடசாலை வேறில்லை. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய் வரியிட்ட ஒரு மயிர்க்கொட்டி அதன் இலையில் வாழ்கின்றது. முதுகில் மூன்று சோடி மெல்லிய கறுப்புத் தண்டுகள் நீண்டிருக்கும். எருக்கம்பாலின் நஞ்சை உடலிற் சேர்த்துக்கொண்டிருப்பதால், பறவைகள் அதனை வெறுத்து ஒதுக்கும். ஆதலின் அது ஒளிந்து வாழ்வதில்லை. முட்டை, மயிர்க்கொட்டி, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்னும் நான்கு நிலைகளையும் ஒரே செடியில் நாட்கணக்கிற் படமெடுக்கலாம். எருக்கம்பால் கண்ணிற் பட்டாற் பெருந்தீங்கு விளைக்குமாதலால், இலையை ஒடிக்காது படமெடுப்பது தனக்கும் பாதுகாப்பு, செடிக்கும் பாதுகாப்பு.

அவ்வண்ணத்துப்பூச்சி செம்பழுப்பு நிறமும் கறுத்த சிறகுநுனியும் உடையது. அதே தோற்றத்துடன் வேறோர் இனத்தின் பெண்பூச்சியும் இந்நாட்டிற் பறக்கின்றது. அதன் உடலில் நஞ்சில்லை. நஞ்சுடையதன் உடையைப் பூண்டு பறவைகளை ஏமாற்றுவதே அதன் தற்காப்பு. பறக்கும்போது இரண்டையும் பிரித்தறிதல் அரிது. பின்சிறகைத் தெளிவாகப் படமெடுத்தால் ஐயம் தீர்ந்துவிடும். எருக்கின் பூச்சிக்கு அச்சிறகின் நடுப்பகுதியில் மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். போலிக்கு மேலோரத்தில் ஒன்றே இருக்கும். நான்கு புள்ளியாயின் ஆண், மூன்றாயின் பெண் என்றும் மேலும் சொல்லிவிடலாம். இவ்வூர்ப் பெருங்கோயிலைச் சுற்றியுள்ள வேலிகளிலே ஒரு சிறுவன் இதனைக் கண்டறிவானாயின், உயிரியல் நூலின் ஓர் அதிகாரம் முழுவதும் அவனுக்குத் தன் கண்ணாற் கண்ட செய்தியாகிவிடும்.

மாமரத்து முசுறுக்கூட்டிலும் இத்தகைய ஓர் ஏமாற்று உண்டு. முசுறுகளுக்கிடையே முசுறு போலவே செம்பழுப்பு நிறமும் ஒடுங்கிய இடையும் கொண்டு உலவும் ஒரு சிலந்தி இலங்கையில் வாழ்கின்றது. முன்னங்கால்களை உணர்கொம்பு போல உயர்த்திப் பிடிப்பதால், வெறுங்கண் எளிதில் மயங்கும். படத்தைப் பெருப்பித்துக் கால்களை எண்ணினாற் போதும்: எறும்புக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு. முன்னிருந்து எடுத்த படத்தில் வரிசையாய் அமைந்த பல கண்களும் சிலந்தியைக் காட்டிக்கொடுக்கும். மாரி பெய்தபின் செம்மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சியும் அவ்வாறே. சங்கப் புலவர்கள் மூதாய் என்று பெயரிட்டுக் கண்டு மகிழ்ந்த அச்செம்பட்டு உயிரும் எட்டுக்காலினதே. ஆதலால் அது பூச்சியினத்தைச் சார்ந்ததன்று என்பதைப் படம் ஐயமற நிறுவும்.

இக்கலை வெறும் அழகுக்கலை மட்டும் அன்று என்பதற்கு இம்மாவட்டத்திலேயே சான்றுண்டு. தென்னையை உயிர்நாடியாகக் கொண்டது புத்தளம் மாவட்டம். தென்னை ஆராய்ச்சி நிலையமும் இம்மாவட்டத்து லுணுவிலையிலேயே அமைந்துள்ளது. 1997 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கற்பிட்டிப் பகுதியில் தென்னங்குரும்பைகளைத் தாக்கும் ஒரு சிற்றுண்ணி இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன் நீளம் கால் மில்லிமீற்றருக்கும் குறைவு. மற்றைய சிற்றுண்ணிகளைப் போல் எட்டுக் கால்கள் இல்லாது, நான்கே கால்களுடன் புழுப்போன்ற உடல் கொண்டது. குரும்பையின் காம்படிச் செதில்களின் கீழே மறைந்து சாறுறிஞ்சும். இருமடங்குப் பருமனிற் படமெடுத்தாலும் தகட்டில் அது அரை மில்லிமீற்றர் அளவே விழும். அதனைத் தெளிவாகக் காண நுணுக்குக்காட்டியே வேண்டும். இங்கு வில்லையின் எல்லை புலனாகின்றது. எனினும், அது விட்டுச்செல்லும் தடத்தை எளிய கமராவும் காட்டும். செதிலின் ஓரத்திலிருந்து முக்கோண வடிவில் வெளிறிய திட்டொன்று தோன்றி, நாளடைவில் பழுப்பேறி வெடித்து, காய் சிறுத்துவிடும். அத்திட்டை அளவுகோலுடன் சேர்த்துத் தெளிவாகப் படமெடுத்து உரியவர்களுக்கு அனுப்பும் தோட்டக்காரர், பல சொற்களால் விளக்கவேண்டியதை ஒரே பார்வையில் உணர்த்திவிடுகின்றார்.

சிற்றுயிரைக் கூர்ந்து நோக்கிப் பதிவுசெய்யும் மரபு இலங்கைக்குப் புதிதன்று. 1752 முதல் 1757 வரை ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டன் என்பார், பீற்றர் கொர்னேலிஸ் டி பெவெரே என்ற ஓவியரைக் கொண்டு இந்நாட்டின் உயிரினங்களை வண்ணத்தில் தீட்டுவித்தார். 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த பிரெடெரிக் மூரின் இலங்கை வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி நூலுக்கு ஆதாரமாய் அமைந்தவை, பேராதனைப் பூங்காவோடு தொடர்புடைய வில்லியம் டி அல்விஸ், ஜோர்ஜ் டி அல்விஸ் என்னும் சகோதரர்களின் ஓவியங்களே. சிறகு விரித்த பூச்சியோடு நிற்காது, அதன் மயிர்க்கொட்டியையும் கூட்டுப்புழுவையும் அவர்கள் வரைந்தனர். உயிரை அதன் வாழ்வோடு சேர்த்துக் காணவேண்டும் என்னும் நெறியை அவ்வோவியங்களிலே காணலாம்.

ஓவியத்தின் இடத்தைப் பின்னர் நிழற்படம் பற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் கேர்ட்டன் சகோதரர்கள் 1892 இல், பறவைக்கூட்டை முட்டைகளுடன் அதன் இயற்கையிடத்திலேயே படமெடுத்தனர். பறக்கும் பூச்சியை நடுவானில் உறையவைப்பதில் முன்னோடியான ஸ்டீபன் டால்ற்றன் எடுத்த படம் ஒன்று, 1977 இல் விண்ணுக்கு ஏவப்பட்ட வொயேஜர் கலங்களின் பொற்றட்டிலே, உலகத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சென்றது. தமிழகத்தில், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனாகிய மா. கிருஷ்ணன் 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர். பலவகைக் கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்துக் கமரா அமைத்து, கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிரைப் படமெடுத்தார். அவர் புகழ் யானைப் படங்களால் வந்தது. எனினும், அணிலையும் காகத்தையும் பற்றி அதே ஈடுபாட்டுடன் எழுதியவர் அவர். விலையுயர்ந்த கருவியினும், உயிரின் நடத்தையை அறிந்திருத்தலே முதன்மையானது என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

இத்தகைய அறிவும் பொறுமையும் இல்லாதவிடத்து இக்கலை கொடுமையாக மாறிவிடுகின்றது. பூச்சி அசையாதிருக்க வேண்டும் என்னும் நிபந்தனையால் விளையும் தீங்கு என்று முன்னர் குறிப்பிடப்பட்டது இதுவே. பூச்சியைப் பிடித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து படமெடுப்போர் உண்டு. பசையால் ஒட்டுவோரும், நூலாற் கட்டுவோரும், கொன்றபின் உயிருள்ளது போல நிறுத்துவோரும் உண்டு. தவளையின்மேல் நத்தையையும், நத்தையின்மேல் வண்டையும் அடுக்கி, இயற்கையின் விந்தை என்று உலகுக்குக் காட்டுவோரும் உளர். அப்படங்களைப் பார்ப்பவர் வியப்பர். ஆயின் அவை பொய். உயிருக்குத் தீங்கு, உண்மைக்கும் தீங்கு.

பூச்சியைக் கைப்பற்றும் வேட்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சியொன்றைக் கூறலாம். 2024 மே மாதத்தில், யால தேசிய பூங்காவில், 92 இனங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான பூச்சிகளைச் சாடிகளில் அடைத்து வைத்திருந்த வெளிநாட்டவர் இருவர் பிடிபட்டனர். அவ்வாண்டிலேயே அவர்களுக்கு 6 கோடி ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. 1937 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் யானைக்கும் சிறுத்தைக்கும் மட்டும் உரியவை என்று எண்ணியிருந்தோர்க்கு அத்தீர்ப்பு ஒரு பாடமாகும். வண்ணத்துப்பூச்சியும் இந்நாட்டின் செல்வமே. சரணாலயத்துள் படமெடுக்கச் செல்வோர் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் விதிகளை அறிந்து செல்லுதல் கடமை.

ஆராய்ச்சிக்கு உயிர்மாதிரி வேண்டாமோ என்று வினவலாம். வேண்டும், ஆயின் அது அறிவியலார் உரிய அனுமதியோடு, வேண்டிய அளவில் செய்யும் பணி. படம் அப்பணிக்கு வழிகாட்டும். மலேசியாவின் சிலாங்கூரில் நிழற்படக் கலைஞர் ஒருவர் எடுத்து இணையத்திலிட்ட ஒரு பச்சைநிற வலையிறகுப் பூச்சியின் படத்தைத் தொலைதேசத்துப் பூச்சியியல் அறிஞர் ஒருவர் தற்செயலாகக் கண்டார். அது அறிவியல் அறியாத இனம் என்பது சிறகின் கோலத்திலேயே அவருக்குப் புலப்பட்டது. பின்னர் அதே இடத்திற் கிடைத்த மாதிரியை ஆராய்ந்து, 2012 இல் அதற்குப் பெயரிட்டனர். படமெடுத்தவர் முதன்முறை பூச்சியைப் பறந்துபோக விட்டுவிட்டார்; ஆயினும் அறிவு பறந்துபோகவில்லை. சிறகின் நரம்புகள் தெளிவுற அமைந்திருந்தமையே அதற்குக் காரணம்.

ஆதலின், படமெடுப்போர் கடைப்பிடிக்க வேண்டிய நெறி எளியது. பூச்சியைத் தொடாமலும், இடம் மாற்றாமலும், கூட்டையும் வலையையும் சிதைக்காமலும் எடுக்கவேண்டும். குறுக்கே நிற்கும் இலையை ஒடிக்காது மெல்ல வளைத்து, எடுத்தபின் மீளவிட வேண்டும். அவ்விலையே வெயிலுக்கும் பகைக்கும் மறைவாக இருந்திருக்கும். பலமுறை முயன்றும் பூச்சி விலகிச் சென்றுகொண்டே இருந்தால், அன்றைக்கு விட்டுவிடல் வேண்டும். ஓரினத்தை மேலிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றுமாக இரு படங்களேனும் எடுத்தல் நன்று. சிறிய நீலவண்ணத்துப்பூச்சிகள் பலவற்றைச் சிறகின் அடிப்புறத்தைக் கொண்டே இனங்காண இயலும். தும்பிகளை வாலின் நுனியுறுப்புகளும் சிறகுநரம்புகளும் வேறுபடுத்திக் காட்டும். ஒவ்வொரு படத்துடனும் நாள், நேரம், இடம், இருந்த செடி ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். அக்குறிப்பில்லாத படம் அழகிய படமாகலாம், சான்றாகாது.

சான்று ஏன் வேண்டும் என்பதற்கு முன்னேஸ்வரத்துக்கு வடக்கே விடையுண்டு. சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் அமைந்த ஆனைவிழுந்தான் சரணாலயம் 1397 ஹெக்டயர் பரப்புடையது. பண்டைக் குளத்தொடரும் கண்டற்காடும் அருகருகே அமைந்த அவ்விடம், 2001 ஆகஸ்ட் 3 ஆந் திகதி ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 1980 களிலிருந்து இக்கரையோரத்தில் இறாற்பண்ணைகள் பெருகியபோது கண்டற்காடுகள் பெருமளவில் அழிந்தன. 2020 ஆகஸ்டில், சரணாலயத்தின் ஒரு பகுதியே இறாற்பண்ணைக்கென இயந்திரங்களால் வெளியாக்கப்பட்டது. பின்னர் அங்கு மீண்டும் கண்டல் நடும் பணி தொடங்கப்பெற்றது. 2024 இல் இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை ஐக்கிய நாடுகள் நிறுவனம் உலகின் முன்மாதிரி முயற்சிகளுள் ஒன்றாக ஏற்றுப் பாராட்டியது.

கண்டல் நாற்று வளர்ந்துவிட்டதா என்பதைத் தொலைவிலிருந்தே காணலாம். அக்கண்டலோடு வாழ்ந்த நண்டும் நத்தையும் தும்பியும் திரும்பிவந்தனவா என்பதை அருகே சென்றுதான் அறியவேண்டும். ஒரு பாடசாலை மாணவர் குழு, ஆண்டுக்கு நான்கு முறை, ஒரே வரம்பிலும் ஒரே களப்போரத்திலும் படமெடுத்து நாளும் இடமும் குறித்து வைத்திருந்தால், பத்தாண்டின்பின் அது எந்த அலுவலகத்திலும் கிடைக்காத பதிவேடாகும். இது வீண் செலவுமன்று. ஒரு கைத்தொலைபேசியும், ஒரு சிறு மேல்வில்லையும், ஒரு குறிப்புப் புத்தகமும் போதுமானவை.

துவாரமும் ஒளியும் குவியத்தூரமும் ஒரு வாரத்திற் கற்கக்கூடியவை. காற்றடங்கும் வேளையை அறிதலும், நிழல் விழாது அணுகுதலும், வெறுங்கையுடன் திரும்பச் சம்மதித்தலும் கற்கச் சில பருவங்கள் செல்லும். அவற்றைக் கற்றவர் எடுக்கும் படத்தில் பூச்சி தெளிவாக இருக்கும். படம் எடுத்து முடிந்த பின்னரும் அது தன் இலையிலேயே இருக்கும்.